கப்பலில் திறக்கிற பக்கம்

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அதில் புருஷனோடு ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷம் தேறாது. அவர் சரக்குக் கப்பலில் ஆயிலர். இன்ஜின் அறையில் எண்ணெய் ஊற்றி, அளவு பார்த்து, துடைத்து, ஏதாவது ஒரு குழாயில் காதை வைத்துக் கேட்டபடியே காலம் தள்ளுகிற மனிதர். ஒன்பது மாதம் கடலில் இருப்பார். இரண்டு மாதமோ இரண்டரை மாதமோ வீட்டில் இருப்பார். மறுபடியும் பெட்டி கட்டுவார். வந்த முதல் வாரம் விருந்தாளி மாதிரி எதைத் தொடுவது என்று தெரியாமல் நடப்பார். கடைசி வாரம் பாதி மனசு பெட்டிக்குள் போயிருக்கும். நடுவில் கிடைக்கிற ஏழெட்டு வாரம்தான் குடும்பம்.

அவள் துறைமுகத்தின் மூன்றாவது வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். கப்பலில் ஏறுகிறவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது, மருத்துவச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்புவது, ஆங்கிலத்தில் வந்த ஒப்பந்தத்தை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொல்வது. வாசலுக்கு வருகிற எல்லாருக்கும் அவள் டைப்பு அக்கா. மாமியார்கூட யாராவது கேட்டால், “டைப்பு வீட்டுலதான் இருக்கா” என்பார்.

மாமியார் வாய்த் துடுக்கானவர். மகனை நினைத்து ஏங்குகிறதை நேராக ஒருநாளும் சொன்னதில்லை. குழாய் ஒழுகினால் மட்டும், “அவ்வளவு பெரிய கப்பலுக்குப் பாக்குறான், இந்தக் குழாய்க்குப் பாக்க ஆளில்ல” என்று குழாயிடம் சொல்வார்.

கப்பல்காரர்களின் குடும்பங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. டயர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். மற்ற நாட்களில் எல்லாம் போன் குரூப்தான். முந்நூறு பேருக்கு மேல். காலை வணக்கம் சொல்லும் பூப்படங்கள், மூட்டுவலிக்கு வைத்தியம், யாரோ எங்கோ தொலைத்த பை. இவற்றுக்கு நடுவில் எப்போதாவது ஒரு கப்பல் செய்தி, குப்பையில் விழுந்த மோதிரம் மாதிரி.

ஒரு ஞாயிறு மதியம் அந்தக் குரூப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. இன்ன பெயருள்ள கப்பலில் தீ, இன்ஜின் அறையில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று யாரோ ஓர் ஆண் மூச்சு வாங்கச் சொன்னான். சொன்ன பெயர் அவள் புருஷன் இருந்த கப்பலின் பெயர்.

அவள் உடனே போன் செய்தாள், போகவில்லை. கடலில் இருக்கிறவருக்கு என்றைக்குத்தான் நேராகப் போன் போயிருக்கிறது? ஏஜென்ட் ஆபீசுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது. காவலாளி, “நாளைக்குத்தான்மா திறப்பாங்க” என்றார். நாளைக்கு என்ற சொல் அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. திரும்பி வந்தபோது மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். குரூப்பில் செய்தி வளர்ந்துகொண்டே போனது. நாலு பேர் என்றது எட்டானது, எட்டு பன்னிரண்டானது.

மாலை ஐந்து மணிக்கு அவள் போனில் ஒரு வரி வந்து விழுந்தது. புருஷனிடமிருந்து. “இன்னிக்கு மீன் நல்லா இருந்துச்சு.”

அவ்வளவுதான். உலகத்தில் எதுவும் நடக்காத மனிதன் எழுதுகிற வரி. அதை மாமியாரிடம் காட்டினாள். மாமியார் படித்துவிட்டு, “மீன் தின்ன நேரம் பாரு” என்றார். பிறகு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

தீப்பிடித்தது வேறு கப்பல். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அது தெரிந்த பிறகும் அவளுக்கு நிம்மதியாக மூச்சுவிட முடியவில்லை. அந்த இன்னோர் எழுத்துக் கப்பலுக்கும் வீடுகள் இருக்குமே.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் ஒரே கூச்சல். தலைவர் மேசையைத் தட்டினார். அவர் முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஆனால் பேச ஆரம்பித்தால் கேப்டனே அவரிடம் வழி கேட்டுத்தான் கப்பலைத் திருப்பியதாக இருக்கும்.

“நமக்குன்னு ஒரு வெப்சைட் வேணும்” என்றார் தலைவர். “ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பக்கம். கம்பெனி உறுதிப்படுத்தின செய்திதான் அதுல வரணும். கண்டவன் கண்டதைப் போடக் கூடாது.”

எல்லாரும் தலையாட்டினார்கள். யார் செய்வது என்றதும் தலைகள் நின்றன. பிறகு எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின.

“நான் டைப்புதாங்க அடிப்பேன். வெப்சைட் எல்லாம் தெரியாது” என்றாள் அவள்.

“இந்த ரூம்ல கீபோர்டைத் தொட்டவங்க நீங்க ஒருத்தர்தான்” என்றார் தலைவர். அத்தோடு தீர்மானம் நிறைவேறிவிட்டது.

சங்கத்துக்கு இதற்கு முன்பும் ஒரு வெப்சைட் இருந்தது. யாரோ ஒரு கம்பெனி சும்மா கொடுத்த இடம். மூன்று வருஷம் படமும் கடிதமுமாக நிரப்பினார்கள். ஒருநாள் அந்தக் கம்பெனி கடையைக் கட்டியபோது எல்லாம் அதோடு போயிற்று. அதனால் இந்த முறை ஒன்றில் மட்டும் அவள் தெளிவாக இருந்தாள். இடம் யாருடையதாக இருந்தாலும் சரி, உள்ளே இருக்கிறது நம் கையில் இருக்க வேண்டும். நாளைக்கு ஓரிடம் போனால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரி போக வேண்டும். அப்படிப்பட்ட மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டாள். கிடைப்பது கஷ்டமில்லை. எதை எடுப்பது என்பதுதான் கஷ்டம். எண்பதுக்கு மேல் இருந்தன.

“சும்மா குடுக்குறாங்கன்னு சொல்ற. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமா?” என்றார் மாமியார்.

“பாத்துதான் ஆகணும் அத்தை. இந்த மாட்டை முந்நூறு வீட்டுல கட்டப் போறோம்.”

கடையில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது. அந்த நேரத்தில் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தாள். பாதி ஏறவே இல்லை. சிலது ஏறின, ஆனால் கடைசியாக அதைச் செய்தவர்கள் கைவைத்தே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. உதவி கேட்கிற பக்கத்தில் ஜனங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள், பதில் சொல்ல ஆளில்லை. ஆள் போய்விட்ட வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தப் பக்கங்களை உடனே மூடினாள். மூடிய பிறகும் கொஞ்ச நேரம் மனசு சரியில்லாமல் இருக்கும்.

மூன்று வாரத்தில் எண்பது மூன்றாகச் சுருங்கியது. நிஜப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்தாள்.

முதலாவது கல்யாண மண்டபம். அதில் இல்லாதது இல்லை. செய்தி, நாள்காட்டி, படக்காட்சி, வாக்கெடுப்பு, அரட்டை, மூலையில் வானிலை. பத்துப் பட்டனை அழுத்தினால் ஜம்மென்று எழுந்து நிற்கும்.

இரண்டாவது அலமாரி. இழுப்பறைக்குள் இழுப்பறை. யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் எழுதியதை யார் திருத்தலாம் என்று அதற்கு நூறு சட்டம். ஒழுங்கான சரக்குதான். ஆனால் ஒரு வரி போட ஏழு திரை தாண்ட வேண்டும். அதோடு தமிழில் எழுதிச் சேமித்தால் கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில் என்று சிதறி, பெயர்களெல்லாம் கேள்விக்குறியாக வந்து நின்றன. முந்நூறு பேரைக் கேள்விக்குறியாக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது பலகை. வெறும் பலகை. தலைப்பு, அதன் கீழே எழுத்து, அதன் கீழே பதில். உறுப்பினர் ஒருவருக்கொருவர் தனியாகக் கடிதம் எழுதிக்கொள்ள ஒரு பெட்டி. அலங்காரம் என்று பேருக்கு ஒரு கோடு.

யாரைக் கேட்டாலும் கல்யாண மண்டபம் என்றுதான் சொல்வார்கள். அவளும் அதைத்தான் எடுத்தாள். சங்கத்தில் ஒருவரின் தம்பி தன் ஆபீஸ் சர்வரில் ஒரு மூலை ஒதுக்கித் தந்தார். தலைவரின் படத்தைப் பெரிதாக நடுவில் வைத்தாள். அலை அடிக்கிற மாதிரி ஒரு பின்னணி வைத்தாள். பார்க்கக் கண் கொள்ளவில்லை. முகவரியைப் புருஷனுக்கு அனுப்பி, “திறந்து பார்த்துச் சொல்லுங்க” என்று எழுதினாள்.

அவருக்கு வாரத்துக்கு நூறு எம்.பி. டேட்டா. கப்பலில் ஆயிலருக்கும் துடைப்பவருக்கும் அதுதான் அளவு. அதில் முக்கால்வாசியை அவர் சனிக்கிழமைக்கென்று வைத்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் குரல் வரும். இருபது நிமிஷம். சில வாரம் பதினைந்து. அந்த இருபது நிமிஷத்தில் மாமியாருக்கு ஐந்து. மீதி அவளுடையது. பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. “அப்புறம்?” என்பார். “ஒண்ணுமில்ல” என்பாள். பின்னால் இன்ஜின் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக்கூட அவள் வாரம் முழுக்க எதிர்பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை குரல் வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்களன்று, புது வாரத்துக்கான டேட்டா விழுந்ததும் ஒரு செய்தி வந்தது.

“உன் வெப்சைட்டைத் திறந்தேன். தலைவர் புருவம் வரைக்கும் வந்தார். அதுக்கு மேல வரல. நீ செஞ்சதாச்சேன்னு திரும்பத் திரும்பத் திறந்தேன். ஏழு தடவை. டேட்டா தீந்துபோச்சு. அதான் கூப்பிட முடியல. கோச்சுக்காத.”

கடையில் நின்றுகொண்டே படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. தலைவரின் நெற்றியும் புருவமும் மட்டும் நடுக்கடலில் மிதக்கிற காட்சி. பிறகு சிரிப்பு அடங்கியது. ஒரு சனிக்கிழமை போய்விட்டது. இருபது நிமிஷம். அதை அவளே, அலை அடிக்கிற ஒரு படத்துக்காகச் செலவழித்துவிட்டாள். அதைவிட, அவர் ஏழு தடவை திறந்தார் என்பதுதான் அவளை வாட்டியது. நீ செஞ்சதாச்சே என்று நேரில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

அன்றே கல்யாண மண்டபத்தைப் பிரித்துப் போட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் எந்த மென்பொருளையும் அழகு பார்க்கவில்லை, எடை பார்த்தாள். ஒரு பக்கம் திறக்க எவ்வளவு டேட்டா என்று ஒவ்வொன்றுக்கும் குறித்தாள். பலகைதான் எல்லாவற்றிலும் லேசு. அதையும் இன்னும் இளைக்க வைக்க முடியுமா என்று அதைச் செய்தவர்களின் உதவிப் பக்கத்தில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டாள். கப்பலில் திறக்க வேண்டும் என்று காரணமும் எழுதினாள். முகம் தெரியாத யாரோ ஒருவர், எந்தத் தேசமோ, அன்றைக்கே பதில் போட்டார். இந்த மூன்று வரியை எடுத்துவிடுங்கள், இந்தப் படத்தை நிறுத்துங்கள், தேவைப்பட்டால் மறுபடியும் கேளுங்கள் என்று. இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

பலகையில் ஒரு குறை. அதன் தமிழ் பாதியில் நின்றிருந்தது. யாரோ தொடங்கி, யாரோ விட்டுவிட்டுப் போன மொழிபெயர்ப்பு. மீதி நானூறு வரியையும் அவளே தமிழாக்க உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டில் சமையலறை மேசையில் தாளை விரித்துக்கொண்டு எழுதுவாள். மாமியார் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்குவார்.

“உள்ள போறதுக்கு ஒரு பட்டன் இருக்கு அத்தை. என்ன எழுதலாம்?”

“வீட்டுக்கு வர்றவங்களை என்ன சொல்வோம்? உள்ளே வாங்கன்னு எழுது.”

“வெளிய போறதுக்கு?”

“போயிட்டு வாங்க. வெளியேறுன்னு எழுதித் தொலைக்காத. வாய் கூசும்.”

அப்படியே எழுதினாள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு வரி வரும் வரைக்கும். கடிதப் பெட்டி காலியாக இருந்தால் திரையில் காட்ட வேண்டிய வரி. ‘உங்களுக்குப் புதிய கடிதம் எதுவும் இல்லை’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு பெண் அடுப்பை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்து பார்ப்பாள். எதுவும் இல்லை என்று அவளிடம் சொல்வதா? அந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். வேறு நாலைந்து விதமாக எழுதினாள். ஒன்றும் சரியாக இல்லை.

மாமியாரிடம் சொன்னாள். மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, “இன்னும் வரலைன்னு எழுது” என்றார். “இல்லன்னா முடிஞ்சு போச்சு. இன்னும் வரலைன்னா வரும்னு அர்த்தம்.”

அவள் எழுதினாள். ‘கடிதம் இன்னும் வரவில்லை.’ எழுதிவிட்டு நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நறுக்கிய காயையே மறுபடியும் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பலகை தயாரானதும் முகவரியைப் புருஷனுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு தடவை மட்டும் திறங்க, வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள் என்று கண்டிப்பாக எழுதினாள். இரண்டாம் நாள் பதில் வந்தது. போன் செய்தியாக அல்ல, பலகையின் கடிதப் பெட்டியிலேயே. ஒரே சொல்.

“வந்துச்சு.”

அந்த வாரக் கூட்டத்தில் அதை எல்லாருக்கும் காட்டினாள். தலைவர் முகம் சுருங்கியது.

“என்னம்மா இது, வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. நல்லா ஜோடிச்சு வெச்சிருந்தீங்களே, அது எங்க? கப்பல்காரங்க சங்கம்னா ஒரு அலையாவது அடிக்க வேண்டாமா?”

“அலை அவங்களுக்கு ஜன்னல்லயே அடிக்குதுங்க.”

சிரிப்பு எழுந்தது. தலைவர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த செகண்ட் இன்ஜினியரின் மனைவி எழுந்தார். வசதியானவர், விவரமானவர். “பழசே நல்லா இருந்துச்சுங்க. எங்க வீட்டுக்காரர் கப்பல்ல சினிமாவே பாக்குறார். திறக்கலைன்னு நீங்க சொல்றது எனக்குப் புரியல.”

“ஆபீசர்களுக்கு ஒரு அளவு, மத்தவங்களுக்கு ஒரு அளவுங்க” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு நூறு எம்.பி.தான். பழைய பக்கத்தைத் திறக்கப் போய் அந்த வாரம் என்கூடப் பேசவே முடியல.”

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். அதில் ஏழு மாதம் புருஷன் கடலில். எல்லாரும் அவளைப் புதுப்பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். யாரிடமும் பேசாதவள்.

“எங்க வீட்டுக்காரரும் பேசிட்டு இருக்கும்போதே கட் ஆயிடுவாருங்க” என்றாள். “கோபத்துல வெக்கிறார்னு நெனச்சேன். நானும் ரோஷத்துல ரெண்டு மாசம் போனை எடுக்கல. டேட்டாவுக்கு அளவு உண்டுன்னு எனக்கு யாருமே சொல்லல. இப்பத்தான் தெரியுது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். செகண்ட் இன்ஜினியரின் மனைவி நின்றுகொண்டே இருந்தார். அவர் கண் புதுப்பொண்ணின் மேலேயே இருந்தது. பிறகு தலைவரிடம் திரும்பி, “வெள்ளைத் தாளே இருக்கட்டுங்க” என்றார். “எனக்கும் இது தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.”

தலைவர் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்தார். அப்புறம் அவரே முதல் ஆளாக உறுப்பினராகி, கப்பலில் கெட்டுப்போகாமல் காய்கறி வைப்பது எப்படி என்று எட்டுப் பக்கம் எழுதினார். அதைத்தான் ஜனங்கள் அதிகம் படித்தார்கள்.

மூன்று மாதத்தில் நாற்பத்தொரு கப்பலுக்குப் பக்கம் ஏற்பட்டுவிட்டது. எதுவும் உறுதியாகாமல் ஏறாது என்று அவள் சட்டம் வைத்தாள். உறுதியாகி வந்த செய்தி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டும், யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பதும் அவள் வைத்த சட்டம்தான். யார் வருகிறார்கள், எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறார்கள் என்று அவள்தான் போடுவாள். புதுப்பொண்ணின் புருஷன் வருகிற தேதியைப் போட்டாள். செகண்ட் இன்ஜினியரின் தேதியைப் போட்டாள். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பந்தல் போட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொரு தேதி போடும்போதும் அவள் மனசு தன் நாளை எண்ணும். இருபத்தெட்டு. இருபத்தேழு. மாமியார் மகனின் போர்வைகளைத் துவைத்து வெயிலில் போட்டுவிட்டார்.

இன்னும் பதினாறு நாள் இருந்தபோது, ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கடையில் கம்பெனியின் கடிதம் வந்தது. அவள் புருஷன் கப்பல் போகிற துறைமுகத்தில் ஆள் மாற்ற அனுமதியில்லை. ஆறு பேர் இறங்குவது பத்து வாரம் தள்ளிப்போகிறது. கீழே பட்டியல். மூன்றாவது வரியில் ஆயிலர்.

ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து, கப்பலின் பக்கத்தைத் திறந்து, ‘நிர்வாகி’ என்ற பெயரில் எழுதினாள். கீழ்க்கண்ட ஆறு பேர் இறங்குவது பத்து வாரம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது, அனைவரும் நலமாக உள்ளனர். மற்ற ஐந்து வீட்டிலிருந்தும் பதறிக்கொண்டு கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. நிர்வாகிக்கும் அந்தப் பட்டியலில் ஓர் ஆள் உண்டு என்று அந்த நேரத்தில் யாருக்கும் நினைப்பில்லை.

சாயங்காலம் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று படியேறிக்கொண்டே யோசித்தாள். கதவைத் திறந்த மாமியாரின் கையில் போன் இருந்தது.

“படிச்சேன்” என்றார். “நீதானே எழுதின?”

“ஆமா அத்தை.”

“ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.” கொஞ்சம் நின்று, “வா, சாப்பிடு” என்றார்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பத்து வாரத்தில் ஒரு விஷயம் நடந்தது. ஒரு வரிக்கு மேல் எழுதாத மனிதர் கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுத்துக்கு டேட்டா அவ்வளவாகச் செலவாகாது என்று தெரிந்ததும் தைரியம் வந்துவிட்டது போல. ஒரு நாள் எழுதினார்: “சாயங்காலம் அஞ்சு நிமிஷம் மேல வந்தேன். தண்ணி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. நம்ம வீட்டு மாடிப்படி எத்தனைன்னு யோசிச்சேன். பதினாலா பதினஞ்சா? நினைவுல வரல. பயமா இருந்துச்சு.” அவள் அதைப் படித்ததும் எழுந்து போய், தினமும் ஏறி இறங்குகிற படியை முதல் தடவையாக எண்ணினாள். பதினாறு. எழுதி அனுப்பினாள். “ரெண்டு படியை எங்கயோ விட்டுட்டேன் பாரு” என்று பதில் வந்தது. பதினொரு வருஷத்தில் அவர் பேசாததையெல்லாம் அந்தப் பெட்டியில் அவள் படித்தாள். படிக்கப் படிக்க ஆள் இன்னும் தூரமாக இருக்கிற மாதிரியும் இருந்தது. யாரென்றே தெரியாமல் இத்தனை நாள் காத்திருந்தோமா என்று தோன்றும். இப்போது தெரிந்து காத்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் வந்தார். பத்து வாரம் பதினொன்றானது. ஆனாலும் வந்தார். இளைத்திருந்தார், காதோரம் நரைத்திருந்தது. மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மீன் நல்லா இருந்துச்சுன்னியே, உடம்புல ஒட்டலையே” என்றார். அந்த வாரம் அவர் எல்லாக் குழாயையும் சரிசெய்தார்.

ஆனால் காலையில் காபி குடித்ததும் அவர் முதலில் திறப்பது கப்பலின் பக்கத்தை. யார் என்ன எழுதியிருக்கிறார்கள், கப்பல் எங்கே போகிறது என்று பார்ப்பார். ஒருநாள் அவள் கேட்டாள்.

“வீட்டுக்கு வந்தும் மனசு அங்கயே இருக்கா?”

“மூணாவது ஜெனரேட்டர் ஒரு மாதிரி சத்தம் போட்டுச்சு. சரியாச்சான்னு தெரியல.”

“அதைப் பலகையில எழுத மாட்டாங்க.”

“தெரியும்” என்றார். ஆனாலும் பார்த்தார்.

அவர் வந்த மூன்றாம் வாரம், அவளுடைய கடிதப் பெட்டியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் கடிதம் இருந்தது. மதியம், கடையில் படித்தாள். ‘அக்கா, உங்க வீட்டுக்காரர் இறங்கின இடத்துலதான் எங்க வீட்டுக்காரர் ஏறியிருக்கார். முதல் தடவை. இன்னும் ஒரு போன்கூட வரல. அவர் எங்க படுப்பார், எப்படி இருப்பார்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும் இல்லையா? கேட்டுச் சொல்வீங்களா?’

அவள் அதை நாலு தடவை படித்தாள். தன் வீட்டில் பெட்டி வந்து இறங்கிய சத்தம் மட்டும்தான் இதுவரை அவளுக்குக் கேட்டிருந்தது. அதே நாளில், அதே கப்பல் ஏணியில், இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் ஏறியிருக்கிறார். ஒன்பது மாதம். அதற்கு மேலும் ஆகலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, போனை அவரிடம் நீட்டினாள். அவர் படித்தார். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“எழுதிக்கோ” என்றார் அவர். “கீழ் பங்க்தான் படுக்கை. சுவர்ப் பக்கம் தலை வெக்கக் கூடாது, இன்ஜின் அதிர்வு மண்டையில ஏறும். தலைமாட்டுக்கு மேல காத்து வர்ற ஓட்டை ஒண்ணு இருக்கு. ரொம்பக் குளிரும். நான் ஒரு துணியை மடிச்சு அடைச்சு வெச்சிருக்கேன். அதை எடுத்துட வேண்டாம்னு சொல்லு.”

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் அடித்தாள்.